பட்டியலில் ஒரு வரி

விளையாட்டுக் கணினியைத் தானே பூட்டிக்கொள்ள என் மகன் விரும்பினான். அண்டை வீட்டுச் சிறுவர்க்கு ஓராண்டு பாடம் சொல்லிச் சேர்த்த பணம். ஆகவே பட்டியலை நிதானமாகவே படித்தேன்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பங்கு ஒதுக்கியிருந்தான். முறைதான், விளையாட்டில் காட்சிகளைத் தீட்டும் உழைப்பு அதனுடையது. பிராசசர், 2022இல் வந்த ரைசன் 5 5600. அதற்கேற்ற ஏஎம்4 மதர்போர்டில் பின்னாளில் புதுத் தலைமுறைப் பிராசசரைப் பொருத்த இயலாது. எனினும் கைப்பொருளுக்குத் தக்க தேர்வே.

என் மனம் ஒப்பாதது பவர் சப்ளை. பெட்டியோடு இலவசமாக வரும் பெயரற்ற ஒன்று! மிச்சத்தில் வண்ண விளக்கு விசிறிகள். வீண்விரயம், கஞ்சத்தனம் இரண்டையுமே நம் மார்க்கம் கண்டிக்கிறது. இங்கே இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அமர்ந்திருந்தன.

அவன் தேர்ந்த ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்பது. "பெட்டியில் 500 வாட் என்று போட்டிருக்கிறதே, வாப்பா?" என்றான். அச்சிட்ட எண்ணை நம்பலாகாது. 12 வோல்ட் தடத்தில் எவ்வளவு தருகிறது என்பதை அதன்மேல் ஒட்டிய அட்டவணையில் பார்க்க வேண்டும். 80 பிளஸ் முத்திரைகூட மின்சிக்கனத்துக்கே சான்று, பாதுகாப்புக்கு அன்று. மட்டமான பவர் சப்ளை பழுதானால், சமயத்தில் கார்டையும் மதர்போர்டையும் உடன் கொண்டுபோய்விடும்.

விசிறிகளை அடித்துவிட்டு, ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள 550 வாட் ஒன்றை எழுதினான். முகம் சற்று வாடித்தான் இருந்தது.