கறளைத் தட்டிப் பார்

போன பெரும்போக அறுவடை முடிந்து வரும்போது எங்கள் லேண்ட்மாஸ்டர் பெட்டி, கொக்கிக்குப் பக்கத்தில் முறிந்துபோனது. பெட்டிக்குள் அம்மாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். வேகம் இல்லாததால் சிராய்ப்போடு போயிற்று. முறிந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். மேலே பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே இரும்பு, காய்ந்த பனையோலை மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது.

படுவான்கரையில் பெட்டி இல்லாமல் வயல் செய்ய ஏலாது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, பழைய பெட்டி ஒன்று தேடினோம். எழுவான்கரையில், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்த பெட்டி ஒன்று இருந்தது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. கூட வந்த மாமா வெல்டிங் வேலை செய்கிறவர். அவர் பெயின்டைப் பார்க்கவேயில்லை. சாக்கை விரித்துக் கீழே படுத்துவிட்டார்.

“மச்சான், தெரிஞ்ச ஆள். தட்டிப் பாக்கிறது மரியாதை இல்ல” என்றார் அப்பா, மெதுவாக.

“ஒள்ளுப்பம் பொறுங்க மச்சான்” என்றுவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டார். “மனே, தண்ணி எங்க தங்கும் எண்டு பாரு. அங்கதான் கறள் இருக்கும்.”

தரைத் தகடு சட்டத்தில் உட்காரும் இடம், கதவுப் பிணைச்சல், அச்சுக்கு மேல்பக்கம், இழுவைச் சட்டத்தின் ஒட்டு. ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். நல்ல இரும்பு ‘கிணீர்’ என்றது. ஒட்டுக்குப் பக்கத்தில் ‘பொத்’ என்றது. திருப்புளியை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது.

இரும்பு கறளாக மாறும்போது பல மடங்கு ஊதும். அதனால்தான் பெயின்ட் கொப்புளிக்கும், சேர்ந்திருந்த இரண்டு தகடுகள் பிதுங்கி விலகும். உப்பு பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். வலையும் மீன் பெட்டியும் ஏற்றிய பெட்டியில் உப்புத் தண்ணீர் மூலைமூலையாக ஊறியிருக்கும். பசளை ஏற்றியதும் லேசுப்பட்டதல்ல. வயலுக்குப் போடும் பொட்டாசு உரத்திலும் உப்பில் இருக்கிற அதே குளோரைட் உண்டு. அதனால் பெட்டியின் வயதைக் கேட்பதைவிட, ‘இதில என்ன ஏத்தினீங்க?’ என்று கேட்பது நல்லது.

கடைசியில் எங்கள் ஊரிலேயே, பெயின்டே இல்லாத தவிட்டு நிறப் பெட்டி ஒன்றை வாங்கினோம். பார்க்க அசிங்கம். ஆனால் கம்பித் தூரிகையால் தேய்த்ததும் கறள் பொடியாகப் போய், கீழே கெட்டியான இரும்பு தெரிந்தது. மேலோடு நிற்கிற கறள் பயமில்லை. குழி விழுந்ததும், ஏடு ஏடாகக் கழர்வதும்தான் ஆபத்து. தண்ணீர் வடிய மாமா நாலு ஓட்டை போட்டார். நாங்கள் ரெட் ஒக்சைட் அடித்தோம்.

தெரிந்த ஆள் என்று அப்பா வெட்கப்பட்டது எனக்கு விளங்குகிறது. ஆனால் பெட்டியில் ஏறுவது நம் வீட்டுச் சனம். முதல் நாள் வயலுக்குப் புறப்படும்போது, ஏற முதல் அம்மாவும் குனிந்து இழுவைச் சட்டத்தை ஒருக்கா தட்டிப் பார்த்தா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.