பிஞ்சுத் தோலும் மூலிகைப் பொட்டலமும்

மாங்காடு, 2025 மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. இனி 25 நாளுக்குக் கைக்குழந்தைகளின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் தொடை இடுக்கிலும் வேர்க்குரு பொரியும். ஏற்கெனவே எளிதில் தடிக்கும் தோல் இன்னும் சிவக்கும். நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடியும், மருந்துக் கடையில் ‘மூலிகை’, ‘இயற்கை’, ‘ரசாயனம் இல்லாதது’ என்று அச்சடித்த பேபி க்ரீமும் கூடுதலாக விற்கும் பருவம் இது. பிள்ளைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் பெற்றோர் அந்தச் சொற்களைத் தேடிப் போகிறார்கள். ஆனால் ‘இயற்கை’ என்ற சொல் ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பிஞ்சுத் தோலில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை. இந்த வாரக் குறிப்புகளில் நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றுதான்: தோல் எளிதில் தடிக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பு, பூசும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதிலும் மிஞ்சும் ஒன்றிரண்டை நன்றாக அறிந்திருப்பதிலும் இருக்கிறது. செடியில் விளைந்ததா, ஆலையில் வந்ததா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

காரணம் தோலின் அமைப்பிலேயே இருக்கிறது. குழந்தையின் மேல்தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. எடையோடு வைத்துப் பார்த்தால் அதன் உடற்பரப்பும் அதிகம். ஆகவே தோல் வழியாக இறங்கும் எதுவும் எடைக் கணக்கில் கூடுதலாகவே சேரும். பிறந்த நாளில் தோல் ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும்; அடுத்த சில வாரங்களில் பி.எச். 5.5-ஐ ஒட்டிய இலேசான அமிலத் தன்மைக்கு வரும். கிருமியைத் தடுப்பதும் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அந்த அமிலப் போர்வையின் வேலை. காரம் மிகுந்த சோப்பு அதைக் கலைத்துவிடும். பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற பூச்சும் ஒரு காப்புதான். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் தோலுக்கு இயற்கை கொடுத்த முதல் மருந்து அதன் சொந்தத் தடுப்புச் சுவர். அதைக் கெடுக்காமல் இருப்பதே நம் முதல் கடமை.

மே 6, செவ்வாய்

நலங்கு மாவை எடுத்துக்கொள்வோம். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று பட்டியல் நீளும். பல பொட்டலங்களில் பத்துப் பன்னிரண்டு சரக்குகள். தடிப்பு வந்துவிட்டால் எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. இந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் ஒன்று கார்போகரிசி. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் சோரலென் பட்ட பிறகு வெயில் பட்டால், சாதாரண வெயிலே தோலைச் சுடும். சிவந்து கொப்புளமும் வரலாம். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் காட்டும் பழைய சிகிச்சையும், நவீன மருத்துவத்தில் சோரலெனோடு புற ஊதாக் கதிர் கொடுக்கும் சிகிச்சையும் இந்தக் குணத்தை நம்பியே நடக்கின்றன. நம் வீடுகளிலோ பொடி தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையை இளவெயிலில் காட்டுவது வழக்கம். கழுவிவிடும் பொடியில் அளவு குறைவு, எல்லாக் குழந்தைக்கும் கொப்புளம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பொட்டலத்தில் எழுதாதபோது, எளிதில் தடிக்கும் தோலில் அதைச் சோதித்துப் பார்க்க எந்தத் தேவையும் இல்லை.

இது சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேசுவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. கார்போகரிசியை வெண்புள்ளிக்கு மருந்தாக வைத்தவர்கள் அதன் வீரியத்தை அறிந்தே வைத்தார்கள். மருந்துக்கு நோயாளி உண்டு, அளவு உண்டு, பார்த்துக் கொடுக்கும் வைத்தியர் உண்டு. அதே சரக்கு அன்றாடக் குளியல் பொடிக்குள் வரும்போது இந்த மூன்றும் கழன்றுவிடுகின்றன. மரபை மறந்தது பொட்டலம்தான்.

உணவுப் பொருள் என்றால் தோலுக்கும் நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் உண்டு. ஜப்பானில் ‘சா நோ ஷிசுகு’ என்ற முகச் சோப்பில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. முன்பு கோதுமையை இயல்பாகச் சாப்பிட்டவர்களுக்கே அது சேராமல் போனது. பிரிட்டனில் 2003-இல் வெளிவந்த ஆய்வு, கரப்பானுக்கு நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம் பூசப்பட்ட குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வாய் வழியாகப் பழகும் உணவு உடலுக்கு நண்பனாகிறது. புண்பட்ட தோல் வழியாக நுழையும் அதே உணவை உடல் பகையாக எண்ணிவிடக்கூடும். பாதாம், கோதுமை, பால் சேர்ந்த பூச்சுகளைக் கரப்பான் உள்ள தோலில் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மே 8, வியாழன்

அப்படியானால் எண்ணெயும் கூடாதா? இங்கே ஆதாரம் நம் பழக்கத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் நடத்தி, 2014-இல் வெளியிட்ட சோதனையில், கனிம எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் தோலைக் கூடுதலாக ஆற்றியது. அவர்கள் ஒரு வயதைக் கடந்த குழந்தைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2013-இல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு அது தோலின் தடுப்பைப் பலவீனமாக்குவதைக் கண்டது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆனால் மான்செஸ்டரில் 115 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் கொழுப்பு அடுக்கு இயல்பாகச் சீராவதைத் தாமதப்படுத்தின. இரண்டும் செடியிலிருந்து வந்தவைதான். எண்ணெய்க்கு எண்ணெய் குணம் மாறுவதும், வயதுக்கு வயது தோல் மாறுவதும் சோதித்த பிறகே தெரிந்தன.

நாள்தோறும் ஏதாவது பூசினால் கரப்பான் வராமலே தடுக்கலாம் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் 1394 குழந்தைகளுக்கு முதல் வருடம் முழுக்க நடந்து, 2020-இல் வெளியான ஆய்வில், ஈரப்பதப் பூச்சு கரப்பானைத் தடுக்கவில்லை. வந்துவிட்ட கரப்பானுக்கும் வறண்ட தோலுக்கும் பூச்சு தேவை. நல்ல தோலுக்கு ‘வருமுன் காப்பு’ என்று விற்கப்படும் க்ரீம் தேவையில்லை.

மே 9, வெள்ளி

“எங்கள் பாட்டி இதைத்தான் தேய்த்தாள், எங்களுக்கு என்ன ஆனது?” என்பது வலுவான கேள்வி. பாட்டியின் பொடியும் இன்றைய பொட்டலமும் ஒன்றல்ல என்பது முதல் பதில். அவள் பயறை வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கரப்பான் என்ற சொல்லும் அதற்கான பத்தியமும் நம்மிடம் பழங்காலம் தொட்டு இருக்கின்றன என்பது இரண்டாவது பதில். அந்தக் காலத்திலும் பிள்ளைகளின் தோல் வெடித்தது. அதற்குக் காரணம் தேடும் வசதிதான் குறைவாக இருந்தது.

மரபு என்பது சேர்ப்பது மட்டுமல்ல. இங்கே மாங்காட்டில் உள்ள காமாட்சி அம்மன் கோயிலில் ஆதிசங்கரர் நிறுவியதாக மரபு சொல்லும் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம், எட்டு மூலிகைப் பொருள்கள் சேர்ந்த அஷ்டகந்தத்தால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் இல்லை. குங்கும அர்ச்சனை மட்டுமே. பாலும் சந்தனமும் உயர்ந்தவைதான் என்றாலும், அந்த உருவம் அவற்றைத் தாங்காது என்று அறிந்து விலக்கினார்கள். இடம் அறிந்து விலக்குவதும் நம் மரபே.

அப்படியென்றால் ஆலைப் பொருளே மேல் என்றும் ஆகிவிடாது. ஆலையிலிருந்து பவுடராக வரும் டால்க், மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் இயற்கைக் கனிமம். அதன் படிவுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் டால்க் பவுடர் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டே, அதன் விற்பனையை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகமெங்கும் நிறுத்திச் சோள மாவுக்கு மாறியது. எந்தப் பவுடரும் குழந்தையின் மூச்சோடு உள்ளே போகலாம் என்பதால் எதுவும் வேண்டாம் என்பதே என் நிலை. வாசனையும் அப்படித்தான். லினலூல், லிமோனீன் போன்றவை பூவிலும் எலுமிச்சைத் தோலிலும் இருப்பவை. ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை லேபிளில் எழுதச் சொல்கிறது. மாறாக, பலர் அஞ்சும் பாரபென் தோல் ஒவ்வாமை தருவது மிக அரிது. தண்ணீர் கலந்த க்ரீமில் பதப்படுத்தும் பொருளே இல்லாவிட்டால் அதில் கிருமி வளரும்.

மே 11, ஞாயிறு

வாரத்தின் முடிவில் என் தீர்ப்பு இது. வாங்கும் முன் மூன்று கேள்வி போதும்: உள்ளே எத்தனை பொருள், தோலிலேயே தங்குமா கழுவப்படுமா, இது இல்லாமல் குழந்தைக்குக் குறை உண்டா? அன்றாடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், அழுக்கான இடத்துக்கு மட்டும் வாசனையில்லாத மென்மையான சோப்பு, வறண்ட இடத்துக்கு வாசனையில்லாத ஒரு பூச்சு. போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நன்றாக அலசப்படாமல் தோலில் படியும். ஆகவே சோப்பு இன்னும் குறையட்டும். வேர்க்குருவுக்குக் காற்றும் பருத்தித் துணியும் போதும். அதன்மேல் எண்ணெய் வேண்டாம். புதிய பொருளை முன்கையில் சிறிது தடவி, சில நாள் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் சேர்க்க வேண்டும். நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்கு கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ பொடியையும் க்ரீமையும் வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை வரை அரசு வழி திறந்திருக்கிறது.

உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொட்டிலிடும் வீட்டுக்குப் போகும்போது மூலிகைப் பெட்டிக்குப் பதிலாக, இரண்டு முறை துவைத்து மென்மையான நான்கு பருத்தித் துணிகளைக் கொண்டுபோங்கள். இந்த வெயிலில் அந்தப் பிஞ்சுத் தோலுக்கு அதுவே பெரிய சீர்.