எப்போதாவது பிந்துகிறவன்

நாலந்தாவில் ஏ9 வீதியோரம் என் மருமகன் மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கிக் கொடுக்கிறான். வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பழைய சின்னக் கணினி, அதில் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள். ஒரு நாள் பலகையின் பாதிவரை ஒழுங்காக வந்த எழுத்து, பிறகு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. “வேகம் காணாது மாமா, புதுசு வாங்கவேணும்” என்றான். வேகத்தில் குறையே இருக்கவில்லை.

ஸ்டெப்பர் மோட்டார் கணினி அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி திரும்பும். ஆயிரம் துடிப்பு நேரத்துக்குப் போயிருந்தாலும், ஓட்டத்தில் ஒன்று பிந்தினால் மோட்டார் தடுமாறி அடியைத் தவறவிடும். தவறியது கணினிக்குத் தெரியவும் மாட்டாது. மிச்சப் பலகை முழுதும் கோணலாகவே வெட்டுப்படும்.

தாமதத்தை அளக்கும் சோதனை அந்த மென்பொருளோடேயே வருகிறது. அதில் ஆகக்கூடிய பிந்தலைத்தான் பார்க்க வேண்டும், சராசரியால் பயனில்லை. செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசெக்கன். பிந்தல் 20 மைக்ரோசெக்கனுக்குள் நின்றால் மிக நல்லது, 50 வரை சமாளிக்கலாம். 100ஐத் தாண்டினால், கணினியே நேரடியாகத் துடிப்பு அனுப்பும் வேலைக்கு உதவாது. சும்மா இருக்கும் கணினி நல்ல எண்ணையே காட்டும். ஆகவே இணையத்தைத் திறந்து, பெரிய கோப்பொன்றை நகலெடுத்து, பாட்டும் போட்டோம். எண் பாய்ந்து ஏறியது. பயாஸில் மின்சேமிப்பை நிறுத்தினோம். உறங்கிய பிராசசர் விழித்தெழவே நேரம் போகிறது. பிராசசரின் கோர்களில் ஒன்றை இயந்திர வேலைக்கென்றே ஒதுக்கினோம். எண் இறங்கி அடங்கியது. ஒரு சதமும் செலவில்லை.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்துக்கும் நேரம் தவறும் நோய்தான் வந்தது. அதன் கணினி திரும்பத் திரும்பத் தானாக மறுதொடக்கம் செய்தது. வானிலைத் தகவல் சேர்க்கும் கீழ்மட்ட வேலை, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே பிடிக்கக்கூடிய பொதுவான பூட்டு ஒன்றைப் பிடித்திருந்தது. மிக அவசர வேலை அதற்காகக் காத்து நின்றது. நடுத்தர வேலைகளோ இடையில் புகுந்து, கீழ்மட்ட வேலையை முடிக்கவிடவில்லை. இதற்கான மருந்தை லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் 1990இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கமாக எழுதியிருந்தார்கள். ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்பதில் எனக்குத் தனிப் பெருமை. பெரியவர் காத்திருக்கும் பொருள் சிறியவர் கையில் இருந்தால், அதை விடும்வரை பெரியவரின் முன்னுரிமையைச் சிறியவருக்குக் கொடு என்பதே அந்த மருந்து. பூமியிலிருந்தே அந்த ஏற்பாட்டை இயக்கினார்கள், கோளாறு நின்றது. 2024இல் 6.12 பதிப்போடு பிரதான லினக்ஸில் சேர்ந்த நிகழ்நேர வசதியிலும் இதே ஏற்பாடு உண்டு.

கந்தோர்களில் நாம் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். அவசரக் கோப்பு இளம் கிளாக்கரின் மேசையில் இருக்கும். மேலதிகாரி அவரை ஏசுவார், இன்னும் நாலு பேர் ஆளுக்கொரு வேலையை அவர் தலையில் கட்டுவார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டியது இடையூறில்லாத ஒரு மணி நேரம். பட்டறையில் ஆட்களை வைத்து வேலை வாங்கிய காலத்தில், அவசர வேலை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் வேறு எவரும் போகாமல் பார்த்துக்கொள்வதையே என் முதல் கடமையாக வைத்திருந்தேன்.

சிறு இயந்திரம் வைத்துப் பிழைக்கும் தம்பி தங்கைமாரே, புதுக் கணினிக்குக் கடன் எடுக்குமுன் உள்ள கணினிக்கு முழுச் சுமையும் கொடுத்து அந்தச் சோதனையை நன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். மின்சேமிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.