முதலில் கடல், பிறகு மலை

வெள்ளி மாலை. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ் நகரில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வகுப்பு முடிகிறது. ஹைதராபாதிலிருந்தோ கட்டாக்கிலிருந்தோ இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்த விஞ்ஞானியின் கையில் இடையில் இருப்பது ஒரே ஒரு சனி, ஞாயிறு. தென்மேற்கே சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் அனிலாவ் பவழப் பாறைகள். மேற்கே எரிமலை. வடக்கே மணிலா. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எதை எப்போது என்பதில்தான் சூட்சுமம். ஸ்கூபா ஆசை இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட சூட்சுமமும்கூட.

லாஸ் பானோஸ் இந்தியர்களுக்கு அந்நியமல்ல. ஃபோர்டு, ராக்கஃபெல்லர் அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து 1960ல் தொடங்கிய நிலையம் இது. நம் வயல்களுக்கு வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல் 1966ல் இங்கிருந்துதான் வெளியானது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இதன் தலைவர். மைனஸ் 20 டிகிரியில் விதைகளைக் காக்கும் இதன் மரபணு வங்கியில் 1,30,000க்கும் அதிகமான நெல் மாதிரிகள் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் திரும்புவது பாவம்.

சோற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர். சோதனை சைவர்களுக்குத்தான். நம் வள்ளைக்கீரையையே 'காங்கோங்' என்று வதக்கித் தருகிறார்கள். உள்ளே மீன் விழுதோ பன்றித் துண்டோ ஒளிந்திருக்கலாம்.

மணற்பரப்பை எதிர்பார்த்து அனிலாவ் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கரையெல்லாம் கல். அழகு முழுவதும் தண்ணீருக்குள். இருபுறமும் மூங்கில் கட்டிய 'பங்கா' படகு பத்து, இருபது நிமிடத்தில் பாறைகளுக்குக் கொண்டுபோய்விடும். அருகிலுள்ள வெர்டே தீவு நீரிணையை, கரையோர மீன் இனங்களின் செறிவில் உலகிலேயே முதலிடம் என்று 2005ல் இரண்டு ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். 2023 பிப்ரவரியில் சுமார் 8 லட்சம் லிட்டர் எண்ணெயுடன் ஒரு டாங்கர் மிண்டோரோ அருகே மூழ்கியபோது இந்த நீரிணை தப்புமா என்று உலகமே கவலைப்பட்டது. அனிலாவில் புகைப்படக்காரர்கள் தேடுவது சுறாவை அல்ல, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, ஓடில்லாத வண்ண நத்தைகளை.

சான்றிதழ் இல்லாதவரும் பயிற்சியாளரோடு 12 மீட்டர் வரை இறங்கலாம். சளி பிடித்திருந்தால் கூடாது, காது அடைத்துக்கொள்ளும். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்கு. கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தம் பிடிப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கே அதுதான் முதல் ஆபத்து. தம் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து கரையேறிய பிறகும் காத்திருக்கிறது. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் அழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினால், கோலி சோடாவைத் திறந்த கதைதான். உடம்புக்குள் குமிழிகள். மூட்டு வலியில் தொடங்கி கை கால் செயலிழப்பது வரை போகலாம். ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது பொதுவான வரையறை. 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

பயிற்சிக்கு வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். வேலை முடியட்டும், கடைசி நாளில் கடல் என்று பரிசுபோல ஒதுக்கிவைக்கிறார்கள். மறுநாள் காலையில் விமானம்! இன்னொரு பொறி தகாய்தாய். தால் எரிமலையைப் பார்க்கத் தோதான மலைமுகடு, உயரம் 600 மீட்டருக்கு மேல். ஊட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லைதான். ஆனால் அன்று காலை மூழ்கியவருக்கு அதுவும் உயரமே. அனிலாவிலிருந்து அந்த வழியாகத் திரும்பலாம் என்று டிரைவர் ஆசை காட்டினால் மறுத்துவிட வேண்டும். 2020 ஜனவரியில் வெடித்துச் சாம்பலைக் கொட்டிய மலை அது. தீவில் இறங்க அனுமதியில்லை என்பதால் முகட்டிலிருந்து பார்ப்பதோடு சரி. அதற்கு வேறொரு மாலை போதும்.

ஆகவே இடையில் வரும் சனி, ஞாயிறு கடலுக்கு. சாதாரணப் பயணக் காப்பீடு ஸ்கூபாவை ஏற்கிறதா என்பதை ஊரிலேயே படித்துப் பார்த்துவிட வேண்டும். கூடுதலாகத் தங்குவதானால் விடுப்பையும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.

கடைசி நாளுக்கு மணிலா இருக்கிறது. ஸ்பானியர் எழுப்பிய இன்ட்ராமுரோஸ் மதில் நகரம், 1607ல் கட்டி முடித்த சான் அகஸ்டின் தேவாலயம், சான்டியாகோ கோட்டை. எல்லாம் கடல் மட்டத்தில். லாஸ் பானோஸுக்குப் பக்கத்து ஊரான கலம்பாவில் பிறந்த ஹோசே ரிஸாலை இந்தக் கோட்டையில்தான் அடைத்துவைத்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொல்ல அழைத்துச் சென்றபோது அவர் நடந்த வழியைத் தரையில் உலோகப் பாதத் தடங்களாகப் பதித்திருக்கிறார்கள். விமான நேரம் வரும்வரை பயணிகள் அந்தத் தடங்களின் ஓரமாகவே நடந்து கோட்டை வாசலுக்கு வருகிறார்கள்.