கோடு, முட்டை, டம்ளர்

படம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் யானை, மயில் எல்லாம் அப்புறம்தானாம். முதலில் கோடு. வெறும் கோடு! இரண்டு புள்ளி வைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை வீசி, ஒரே இழுப்பில் சேர்க்க வேண்டும். அடுத்தது நீள்வட்டம். என் பி.காம் நோட்டின் பின்பக்கமெல்லாம் முட்டை முட்டையாய்க் கிடக்கிறது (அக்கவுண்ட்ஸ் பேப்பரிலும் அதுவே வராமல் இருந்தால் சரி, ஹி ஹி).

பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையான பயிற்சி உண்டு. பிகாசோ 1920-ல் வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்கிறார். அப்போது 'இது மூக்கு, இது கை' என்று மனசு பெயர் சொல்லாது, கோடு மட்டும் தெரியும் என்கிறார். செய்து பார்த்தேன். நிஜம்தான்.

அந்தத் தெம்பில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வரைந்து நண்பர்களிடம் காட்டினேன். "சூப்பர் மச்சி!" எல்லோருக்கும் ஒரே பதில். சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன வரைவது? விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கள் தெருவில் போர்டு எழுதும் அண்ணன் மட்டும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, வாயைவிட அடி இன்னும் கொஞ்சம் வளையணும். கண்ணுக்குக் கீழ போகப் போக வட்டம் விரியும். டம்ளரைத் தூக்கிப் பாரு."

தூக்கினேன். கண்மட்டத்தில் வாய் ஒரே கோடு. மெல்ல இறக்க இறக்க, கோடு திறந்து வட்டமாகிறது! ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி...

"காபி ஆறுதுடா, குடிக்கப் போறியா இல்லையா?" என்றார் அம்மா.