கிட்டாரில் சத்தம் வரலையா? விற்பதற்கு முன்னால் கேபிளைப் பாருங்க!

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி அதிர்ந்தால் மட்டும் போதாது. அடியிலுள்ள 'பிக்கப்'பின் காந்தமும் செம்புச் சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக்க வேண்டும். அது சுவிட்ச், வால்யூம், ஜாக், கேபிள் எல்லாம் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்குப் போனால்தான் இசை. நடுவில் ஒன்று மக்கர் செய்தாலும் மௌனம்தான்.

ப்ளஸ் டூ வந்ததும் பைக்குள் போகும் கிட்டார், தேர்வு முடிந்து ஏப்ரலில்தான் வெளியே வரும். வேளச்சேரியோ 2015 வெள்ளத்தைப் பார்த்த இடம். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு மழைக்காலம் போதும், ஜாக்கில் களிம்பு ஏற.

"சத்தமே வரலைப்பா" என்று பிள்ளை நிற்கும். "அதான் வாசிக்கறதே இல்லையே, வித்துடலாம்" என்பார் அப்பா. ஒரு வருடம் அடக்கி வைத்த ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு முன் பத்து நிமிடம் கொடுங்கள். கிட்டார், ஆம்ப் இரண்டிலும் வால்யூமைக் கூட்டுங்கள். ஆம்பில் ஹெட்போன் செருகியிருந்தால் கழற்றுங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பிக்கப் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். 'ஆக்டிவ்' வகை என்றால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். பிக்கப்பை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்டால், பிக்கப் நன்றாகவே இருக்கிறது. ஜாக்கில் கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம்.

ஆம்பை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும். அது மெக்கானிக் வேலை.

பல நேரம் கெட்டுப்போவது கேபிள்தான். அதற்காகக் கிட்டாரை விற்பானேன்?