அடுத்தவர் குரலுக்கு எழுதிய பாட்டு

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் எடுத்துக் காட்டியது ஒரு பழைய நீள நோட்டு. விருத்தம், தரு, வசனம் என்று பக்கம் பக்கமாக எழுதி, ஓரத்தில் ராகமும் தாளமும் குறித்திருந்தார். ஒரு வரியில் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"துரியோதனன் வேஷம் கட்டுற பையனுக்கு உச்சத்துல மூச்சு நிக்கல சார். அதான் ஆகாரத்துல முடிச்சேன். வாயைத் தொறந்து இழுத்துக்கலாம்."

கட்டைக்கூத்துக்குப் பாட்டெழுதும் வேலையின் நுட்பம் முழுக்க அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. இரண்டு பேர் திரை பிடிக்க, உள்ளிருந்தே பாடித்தான் வேஷம் வெளியே வரும். தலையில் மரக் கிரீடம், தோளில் புஜக்கட்டை. அந்தப் பாரத்தோடு விடிய விடியப் பாடி ஆட வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பிப் பாடும் நேரத்தில்தான் ஆடுபவர் மூச்சு வாங்க முடியும். வரி நீண்டால் அவர் திணறுவார். எழுதுகிறவர் தன் புலமையைக் காட்ட அங்கே இடமில்லை.

பாட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. தன்னைப் பாடச் சொன்ன பல்லவ மன்னனைப் பாட, திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். அவரோடு ஆழ்வாரும் கிளம்ப, திருவெஃகா பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மூவரும் ஓர் இரவு தங்கியது ஓரிக்கையில் என்பது ஐதீகம். கூத்துக்கு எழுதுகிறவரால் அப்படி மறுத்துவிட முடியாது. கேட்கிற கூத்துக் குழுவுக்கெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் எழுத்தால் கூத்தை நகர்த்தியவர் பொ. ராஜகோபால். தந்தை பொன்னுசாமியிடம் கற்று, நடித்து, புதிய கூத்துகள் எழுதி, இசையமைத்து, இயக்கியவர். 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தில் அவர் பங்கு பெரிது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் 2002 முதல் இயங்கிய அதன் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ஆண் குரலுக்கென்றே இருந்த உச்சஸ்தாயிப் பாட்டுகளை அவர்களும் பாடினார்கள். என்னைக் கேட்டால், புதுக் கதைகளைவிடப் பெரிய சாதனை அதுதான்.

ஆனால் பிழைப்பு? திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பங்குனியில் தொடங்கும். ஆடி தாண்டினால் கூத்து குறைந்துவிடும். ஆடிய இரவுக்குப் பங்கு உண்டு, எழுதிய பாட்டுக்கென்று தனியாக எதுவும் இல்லை என்றார் வாத்தியார். ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஊர் ஊராகப் பாட்டு போய்ச் சேரும், எழுதியவர் பெயர் கூடப் போவதில்லை.

திருவிழா நோட்டீஸில் பந்தல் போட்டவர், மைக் செட்காரர் பெயரெல்லாம் வருகிறது. ஊர்ப் பெரியவர்களே, அடுத்த பங்குனிக்கு அடிக்கும்போது பாட்டு எழுதியவர் பெயரையும் ஒரு வரி சேருங்கள்.